கீழ் ஹாலில் முப்பத்தாறு பேர்

"தம்பி, போலீஸ் வேன் வந்து நிக்குது. ஆளுங்கள எங்க எறக்கறது?" என்று மண்டப மேனேஜர் பச்சமுத்து வந்து கேட்டபோது, தனசேகரன் பட்டு வேட்டியில் பாதியை இடுப்பிலும் மீதியைப் பல்லிலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

அன்றைக்கு அவனுக்கு நிச்சயதார்த்தம். பத்தரைக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் தட்டு மாற்றியாக வேண்டும். வாயில் வேட்டி இருந்ததால் "எந்தப் போலீஸ்?" என்பதைப் புருவத்தால் கேட்டான்.

"இன்னா தம்பி இப்படிக் கேக்கறீங்க? இடஒதுக்கீடு மறியல் நடக்குதுல்ல. ஓனரு விடிகாலையிலயே போன் பண்ணிட்டாரு. போலீசு கேட்டா கீழ் ஹாலைத் தொறந்து வுடு, மேல் ஹாலு விசேஷத்துக்குன்னு."

கள்ளக்குறிச்சியில் கல்யாண மண்டபத்து வாசலில் போலீஸ் வேன் நின்றால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. மறியல் செய்தவர்களை வேனில் ஏற்றுவார்கள், ஒரு மண்டபத்தில் இறக்குவார்கள், மதியம் சாம்பார் சாதம் போடுவார்கள், சாயந்தரம் ஆறு மணிக்கு விட்டுவிடுவார்கள். அந்த வருடம் கொரோனா வேறு. கல்யாணத்துக்கு வந்த கூட்டத்தைவிடக் கைதாகி வந்த கூட்டம்தான் இந்த மண்டபத்தில் ஜாஸ்தி. பச்சமுத்துவுக்கு இதில் நல்ல கைப்பழக்கம்.

பின்வாசலில் தலைமைக் காவலர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, முகத்தில் முகக்கவசம் என்று ஒரே மாதிரி ஆண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"மொத்தம் முப்பத்தாறு பேரு. எண்ணிக்குங்க. பத்திரமா பாத்துக்குங்க. சாயந்தரம் ஆறு மணிக்கு வந்து ஏத்திக்கினு போறேன்" என்றார் ஏட்டு. "உங்களாண்ட கம்ப்யூட்டர்ல ஆள் கணக்கு போடறீங்களாமே? ஒரு லிஸ்ட் குடுத்தீங்கன்னா எனக்கும் சௌகரியம்."

இந்த இடத்தில் தனசேகரன் "பேப்பர்ல எழுதிக்குங்க சார்" என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவன் சொல்லவில்லை. காரணம் மாமனார்.

தனசேகரன் சென்னைக் கம்பெனி ஒன்றில் புரோகிராமர். கொரோனா வந்ததிலிருந்து வீட்டிலேயே வேலை. கச்சிராயபாளையத்தில் கரும்பு போடுகிற சுப்புராயனுக்கு, அதாவது பெண்ணின் அப்பாவுக்கு, இது விளங்கவே இல்லை. அவர் பெண் செந்தமிழ்ச்செல்வியும் அதே கம்பெனிதான், அதே வேலைதான், இவனைவிட ஒரு படி மேலே. ஆனால், "பொண்ணு வூட்டுல ஒக்காந்து வேல செஞ்சா செரி. ஆம்பளையுமா கட்டில் மேல ஒக்காந்து வேல செய்வான்?" என்பது அவர் கேள்வி. ஒதுக்கீடு கிடைத்துவிட்டால் கவர்மெண்டு மாப்பிள்ளைகள் நிறையத் தேறுவார்கள், ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கலாமே என்று ஒரு யோசனையும் வைத்திருந்தார். செல்வி இரண்டு நாள் சோறு தின்னாமல் கிடந்துதான் இந்தத் தேதியை வாங்கியிருந்தாள். இன்றைக்கு நடக்காவிட்டால் இன்னொரு தேதி கிடைக்கும் என்று தனசேகரனுக்கு நம்பிக்கை இல்லை.

அதனால் மாமனார் கண்ணால் பார்க்கிற மாதிரி ஒரு வேலையை அவன் செய்து வைத்திருந்தான். நூறு பேருக்கு மேல் கூடக்கூடாது என்று சட்டம் இருந்த சமயம். மண்டபத்து வாசலில் ஒரு கம்ப்யூட்டர். வருகிறவர் பேரையும் வயசையும் தட்டினால் பச்சை விளக்கு எரியும், ஒரு சீட்டு வரும், உள்ளே போகலாம். நூறு ஆனதும் சிவப்பு. புரோகிராம் தனசேகரன் ஜாவாவில் எழுதியது. இப்போது போலீசே அந்தப் புரோகிராமைக் கேட்கிறது. மாமனார் முன்வாசல் பக்கத்து மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"அஞ்சு நிமிஷம் சார்" என்று சொல்லி, வேட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு, முன்வாசல் கம்ப்யூட்டரிடம் போய் உட்கார்ந்தான்.

அவன் புரோகிராமில் 'நபர்' என்று ஒரு தாய் வகை இருந்தது. அதன் வாரிசாக 'விருந்தாளி'. இப்போது இன்னொரு வாரிசை எழுதினான்: 'கைதானவர்'. அதுவரைக்கும் சுகம். ஆனால் உள்ளே இருந்த பட்டியல் விருந்தாளிகளுக்கென்றே முத்திரை குத்திய பட்டியல். ஜெனரிக் வகை என்பார்கள். பட்டியலின் பக்கத்திலேயே கோண அடைப்புக்குறிக்குள் இதில் யார் யார் இருக்கலாம் என்று எழுதி வைப்பது. இரண்டு வகை ஆளையும் ஒரே பட்டியலில் அடைக்க, நபர் பட்டியல் கேட்கிற இடத்தில் அவன் விருந்தாளிப் பட்டியலைக் கொடுத்தான். கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போட்டது.

"அடப்பாவி, விருந்தாளியும் நபர்தானே?" என்று கம்ப்யூட்டரிடமே கேட்டான். பதில் வராததால் மாடியில் அலங்காரம் செய்துகொண்டிருந்த செல்விக்குப் போன் போட்டான்.

"விருந்தாளி நபர்தாங்க. ஆனா விருந்தாளிப் பட்டியல் நபர் பட்டியல் ஆகாது" என்றாள் செல்வி. தலையில் யாரோ ஊசி குத்திக்கொண்டிருந்ததால் நடுநடுவே "ஸ்ஸ்" என்றாள். "எங்க மாமா மலையில சரக்கு வாங்கி விக்கறாருல்ல. கடுக்காயும் மலைச்சரக்கு, புளியும் மலைச்சரக்கு. ஆனா கடுக்கா மூட்டையக் காட்டி, இது மலைச்சரக்கு மூட்டைன்னு எவங்கையிலயாவது குடுத்தா இன்னா பண்ணுவான்? புளிய அள்ளி அதுல கொட்டுவான். அப்பறம் கடுக்கா வாங்க வந்தவன் நம்மள அடிப்பான். அதான் கம்பைலர் செவப்புக் கோடு போட்டு வுட மாட்டேங்குது. கைதானவங்களுக்குத் தனியா ஒரு பட்டியல் போடுங்க."

"தனிப் பட்டியல் போட்டா நாலு எடத்துல மாத்தணும் செல்வி. போலீசு நிக்குது."

"நாலு எடம்தானே, மாத்துங்க. அந்த அடைப்புக்குறிய மட்டும் எடுத்துடாதீங்க."

தனசேகரன் அந்த அடைப்புக்குறியை மட்டும் எடுத்தான். மூட்டைமேல் இருந்த சீட்டைக் கிழித்தது மாதிரி. சிவப்புக் கோடு போய் மஞ்சள் கோடு வந்தது. சிவப்பு என்றால் தப்பு, மஞ்சள் என்றால் எச்சரிக்கை. எச்சரிக்கைக்கெல்லாம் பயந்தால் இந்தத் தொழிலில் யாரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடியாது என்பது அவன் கொள்கை. பேர் தட்ட நேரமில்லை. ஒன்றிலிருந்து முப்பத்தாறு வரை வெறும் எண்ணாகவே ஏற்றினான். ஏட்டிடம் ஒரு தாளை நீட்டினான். அவர் "சூப்பர் சார்" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வேனில் ஏறிப் போய்விட்டார். மாடி ஜன்னலில் சுப்புராயன் தலையை ஆட்டுவது தெரிந்தது. தனசேகரனுக்குக் காது வரை சந்தோஷம்.

பச்சமுத்து முப்பத்தாறு பேரையும் கீழ் ஹாலில் உட்கார வைத்துவிட்டு, வழக்கப்படி செல்போன்களை ஒரு பிளாஸ்டிக் அன்னக்கூடையில் வாங்கிக்கொண்டு, வெளியே தாழ்ப்பாள் போட்டான்.

"கதவ ஏன் சாத்தறீங்க?" என்று உள்ளிருந்து ஒருவர் கேட்டார்.

"இங்க இதாங்க வழக்கம்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும் இதேதான். போன மாசம் வந்தவங்க தாயம் ஆடிக்கினு ஜாலியா இருந்தாங்க. சாயந்தரம் போவவே மனசு இல்ல அவங்களுக்கு."

பத்தே முக்காலுக்கு முதல் சிக்கல் வந்தது. தனசேகரனின் பெரியப்பா குடும்பத்தோடு வாசலில் நின்றார். சிவப்பு விளக்கு எரிந்தது. மேலே அறுபத்து நாலு, கீழே முப்பத்தாறு, ஆக நூறு. சீட்டு கிழிந்த பட்டியலுக்கு யார் எவர் என்ற விவரம் கிடையாது.

"வுட முடியாதுங்க. மிசினு வாணாங்குது" என்றான் பச்சமுத்து.

"நான் மாப்ளைக்குப் பெரியப்பன்டா!"

"இருங்க. மிசினுக்குத் தெரியணும்ல."

தனசேகரன் மாலையோடு ஓடிவந்தான். பட்டியலில் விருந்தாளிகளை மட்டும் எண்ணும்படி ஒரு வரி எழுதினான். கம்ப்யூட்டர் ஒன்று, இரண்டு என்று ஒழுங்காக எண்ணிக்கொண்டே வந்தது. அறுபத்தைந்தாவது ஆளிடம் வந்ததும், கைதானவரை விருந்தாளியாக மாற்ற முடியாது என்று எழுதிவிட்டுச் செத்து விழுந்தது. பச்சை, சிவப்பு, சீட்டு எல்லாமே போச்சு.

மறுபடி செல்விக்குப் போன். இப்போது அவள் குரலில் ஊசி குத்தாமலே கோபம் இருந்தது.

"அடைப்புக்குறிய எடுத்துட்டீங்களா இல்லியா?"

"எடுக்கல... லேசா எடுத்தேன்."

"லேசா எடுத்தாராம்! எண்ணுற எடத்துல மட்டும் 'நபரோட வாரிசு எதுவா இருந்தாலும் சரி'ன்னு போடுங்க. எண்ணுற எடத்துல மட்டும். கேக்குதா?"

கேட்டது. ஆனால் வேட்டி நழுவிக்கொண்டிருந்தது. பெரியப்பா திட்டிக்கொண்டிருந்தார். தனசேகரன் எண்ணுகிற இடத்தில் போட்டான். அவசரத்தில் சேர்க்கிற இடத்திலும் போட்டான். அப்படிப் போட்ட பட்டியலிலிருந்து எடுத்துப் பார்க்கலாம், உள்ளே எதையும் போட முடியாது. எந்த வாரிசுக்கான மூட்டை என்று தெரியாதபோது எதைப் போட்டாலும் தப்பாகிவிடுமே என்று கம்ப்யூட்டருக்குப் பயம். சேர்க்கிற வரியின் மேல் மறுபடியும் சிவப்பு. அந்த வரியைத் தற்காலிகமாக மறைத்துவிட்டு ஓட்டினான்.

புரோகிராம் எழுந்தது. யாரையும் சேர்க்க மறுத்தது. பெரியப்பாவை மட்டுமல்ல, போன் பேசுவதற்காக வெளியே போயிருந்த ஐயரையும்.

"நாழியாறதுடா அம்பி! நான் இல்லாம யார் லக்னப் பத்திரிகை வாசிக்கறது?" என்று ஐயர் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"சாமி, மிசினு பச்சை காட்டல" என்றான் பச்சமுத்து.

"அந்த மிசினத் தூக்கிப் போட்டு உள்ள வுடுடா யோவ்!" என்றார் பெரியப்பா.

"ஓனரு அத நம்பித்தான் என்னைய நிக்க வச்சிருக்காருங்க. சுகாதாரத்துக்காரங்க வந்தா யாரு பதில் சொல்றது?"

தனசேகரனுக்குப் பாடப் புத்தகத்தில் படித்தது ஞாபகம் வந்தது. வாரிசு என்று போட்டால் எடுக்கத்தான் முடியும். அப்போது தலைகீழாக, 'விருந்தாளியோட முன்னோர் யாரா இருந்தாலும் சரி' என்று போட்டால்? போட்டுப் பார்த்தான். இப்போது தாராளமாகச் சேர்த்துக்கொண்டது. ஆனால் வெளியே எடுக்கும்போது அது என்ன ஆள் என்று சொல்ல மறுத்தது. முன்னோர் எதுவரைக்கும் போகும் என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? எல்லாவற்றுக்கும் ஆதி மூதாதை ஒன்று இருக்கிறது, அதன் பேர் 'பொருள்'. அதற்கு மேல் அது எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. பேரை அச்சடிக்கிற இடத்தில் அந்த வார்த்தையையே போட்டுவிட்டான். எண்ணிக்கை எல்லையையும் நூற்று முப்பத்தாறாக்கினான், கீழே இருப்பவர்கள் கணக்கில் வராதபடிக்கு.

பச்சை எரிந்தது. கூட்டம் ஆவலாக உள்ளே நுழைந்தது. பெரியப்பா கையில் வந்த சீட்டைத் தூரமாகப் பிடித்து வாசித்தார்.

"பொருள், அறுபத்தஞ்சு வயசு." நிமிர்ந்தார். "டேய், தூக்கி வளத்தவன்டா நானு. நான் உனக்குப் பொருளாடா?"

"பெரியப்பா, அது டெக்னிக்கலா..."

"உங்க பெரியம்மாவுக்கும் பொருள்னுதான் வந்துருக்குது. அவள எந்த மூலையில வைக்கப் போறீங்கன்னு கேக்கறா."

பதினொன்றரை. ஐயர் மணையில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். செல்வி பச்சைப் பட்டில் வந்து உட்கார்ந்தாள். தனசேகரனைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தாள். அதில் பாதி அன்பு, பாதி மஞ்சள் எச்சரிக்கை. எல்லாம் தயார். சுப்புராயன் மட்டும் உட்காரவில்லை.

"மச்சான் வரல" என்றார்.

மச்சான் என்றால் செல்வியின் தாய்மாமன் சின்னதுரை. கல்வராயன் மலையில் சரக்கு வாங்கி விற்கிறவர். தாய்மாமன் கையால் தொட்டுக் கொடுக்காமல் அவர்கள் வீட்டில் தட்டு மாற்றுகிற வழக்கமே கிடையாது. பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவர் மலையைவிட்டு இறங்கவில்லை, தனசேகரன் அவரைப் பார்த்ததும் இல்லை.

"காலையில எட்டு மணிக்கு ஏறிட்டோம்னு சொன்னாங்க. பஸ்ஸு வழியில நிக்குதுன்னு ஒரு போன் வந்துச்சி. அதோட செரி. யாரும் எடுக்க மாட்டேங்கறாங்க" என்றார் சுப்புராயன். "மாப்ள, உங்க கம்ப்யூட்டர்ல பாருங்க. ஒருவேள வந்து எங்கனா ஒக்காந்துருப்பாரா? ரோசக்காரரு. யாரும் கூப்புடலன்னு ஒதுங்கி நிக்கற ஆளு."

தனசேகரன் ஓடிப்போய் வருகைப் பட்டியலை அச்சடித்துக்கொண்டு வந்து நீட்டினான். சுப்புராயன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழாகப் படித்தார்.

"பொருள். பொருள். பொருள். பொருள்." தாளைத் திருப்பினார். "பொருள். பொருள்." கண்ணாடியைக் கழற்றினார். "இதுக்குத்தான் மாசாமாசம் சம்பளம் குடுக்கறாங்களா?"

அந்த நேரம் பார்த்துக் கீழ் ஹாலில் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. "நியாயமா இது? நியாயமா?" என்று நாலைந்து குரல்கள். பச்சமுத்து மூச்சிரைக்க வந்தான்.

"தம்பி, கைதிங்க கலாட்டா. சாம்பார் சாதம் குடுத்தா வாணாங்கறாங்க. அவங்க போனுங்க வேற ஓயாம அடிச்சிக்கினே கெடக்குது. தலைவருங்க கூப்புடறாங்க போல. நான் கோணியப் போட்டு மூடி வச்சிருக்கிறேன்."

"நான் பேசிட்டு வர்றேன்" என்று தனசேகரன் இறங்கினான். ஒரு காரியத்தையாவது இன்றைக்கு ஒழுங்காக முடிக்க வேண்டும் என்று இருந்தது அவனுக்கு.

தாழ்ப்பாளைத் திறந்ததும் முன்னால் நின்றவர் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கியிருந்தார். பெரிய மீசை. கண் சிவந்திருந்தது.

"ஐயா, உங்க கோரிக்கை நியாயமானதுதான். யாரும் இல்லன்னு சொல்லல" என்றான் தனசேகரன், கையைக் கட்டிக்கொண்டு. "ஆனா அதுக்குன்னு ஒரு நேரம், எடம் இருக்குது. மேல விசேஷம் நடக்குது. நீங்க சத்தம் போட்டா வந்தவங்க இன்னா நெனப்பாங்க?"

மீசைக்காரர் அவனை மாலையிலிருந்து வேட்டி வரைக்கும் பார்த்தார்.

"நீ யாரு?"

"நான்தாங்க மாப்ள."

"ஓ. நீதானா அது?"

"ஆமாங்க. பந்தி முடிஞ்சதும் மிச்சம் மீதி இருந்தா வடை, பாயசம் உங்களுக்கும் அனுப்பச் சொல்றேன். அதுவரைக்கும் கொஞ்சம் அமைதியா இருந்தீங்கன்னா எனக்குப் பெரிய உதவி."

ஹாலே அடங்கிப்போனது. முப்பத்தாறு பேரும் அவனையே பார்த்தார்கள். மீசைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அன்பாகப் பேசினால் எப்பேர்ப்பட்ட கூட்டமும் கட்டுப்படும் என்று தனசேகரன் நினைத்துக்கொண்டான். பச்சமுத்து தாழ்ப்பாளைப் போட்டான்.

மேலே வந்தபோது மணி பதினொன்று ஐம்பது. ஐயர் கடிகாரத்தையும் சுப்புராயனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தாய்மாமன் மொறையில வேற யாராவது தொட்டுக் குடுக்கலாமே?" என்றார் ஐயர்.

"ஆவாது சாமி. ரெண்டு வருஷத்துக்கு முன்ன ஒரு காதுகுத்து. பந்தியில எடம் இல்ல, செத்த இருங்கன்னு அவர ரெண்டாவது பந்திக்கு ஒக்கார வச்சிட்டாங்க எங்க வூட்டுப் பசங்க. அந்த ஒரு சொல்லுக்கு ரெண்டு வருஷம் என் வாசப்படி மிதிக்கல மனுஷன். நாலு நாளு மலையில போயி ஒக்காந்து, கால்ல வுழாத கொறையா கெஞ்சி வரச்சொல்லி வந்துருக்கறேன். அவரு இல்லாம தட்டத் தொட மாட்டேன்." சுப்புராயன் துண்டை எடுத்து உதறினார். "செல்வி, எழுந்திரு. நம்ப நேரம் செரியில்ல. அப்பறம் பாக்கலாம்."

அப்புறம் என்றால் என்ன என்று செல்விக்குத் தெரியும். அவள் எழுந்திருக்கவில்லை. கண்ணில் மை கலங்கியது. அதைப் பார்த்ததும் தனசேகரன் ஜாவா, அடைப்புக்குறி, பெரியப்பா எல்லாம் மறந்துபோய் மாமனார் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, ஒரே ஒரு நிமிஷம். அவரு எந்த ரோட்டுல நின்னாலும் நானே போய் அழைச்சிக்கினு வர்றேன். மேளம் வச்சிக் கூட்டிக்கினு வர்றேன். மொத எலை அவருக்குத்தான். உங்க மச்சானுக்கு என்னால ஒரு சின்னக் கொறை வந்துச்சின்னா, உங்க பொண்ணக் குடுக்க வாணாம், நானே வாணாம்னு சொல்லிட்டுப் போயிடறேன்."

சுப்புராயன் உதறிய துண்டை மடித்தார். இந்தப் பையனிடம் இப்படி ஒரு வாய் இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. அவர் கண்ணும் லேசாகக் கலங்கியது.

"இந்த வார்த்த போதும் மாப்ள" என்றார். "கம்ப்யூட்டரு கெடக்குது கம்ப்யூட்டரு. மச்சானுக்கு மரியாத குடுக்கத் தெரிஞ்சவன்தான் எனக்கு மருமவன். வேற எவன் வந்தாலும் என் பொண்ணு உனக்குத்தான். ஒக்காரு."

செல்வி சிரித்துவிட்டாள். ஐயர் தொண்டையைக் கனைத்தார். தனசேகரன் மணையில் உட்காரப்போனான்.

படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் கேட்டது. காலையில் வந்த ஏட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வந்தவருக்கே உரிய சிரிப்போடு உள்ளே வந்தார்.

"மறியல்ல நின்ன பஸ்ஸுல மிச்சம் இருந்த பொம்பளைங்களயும் சீர்த்தட்டயும் ஏத்தியாந்துட்டேங்க, ஆனா மொத நடையில கொண்டாந்து வுட்டனே, பொண்ணுக்குத் தாய்மாமன், அந்த மீசைக்காரரும் அவரு ஆளுங்களும், அவங்கள ஏன் சார் கீழ வச்சிப் பூட்டியிருக்கீங்க?"